மேல வீடும் கீழ வீடும்

2016 ஆகஸ்ட் 12, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் என் நினைவாற்றல் அன்று. ஐயம் எழுந்ததும் நான் முதலில் பார்த்தது திரையின் ஓரத்தில் இருந்த கடிகாரத்தைத்தான். மறுநாள் காலை அதிராம்பட்டினத்தில் ஒரு வீட்டின் முதல் தளத்துக்குக் கான்கிரீட் போட இருந்தார்கள். என் முன்னால் இருந்த கணினி மாதிரியில் அந்த வீடு தவறாக இருந்தது. தவறாக இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியது என்பதே சரியான வாக்கியம். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடைப்பட்டதுதான் அன்றைய மாலை.

நம் அலுவலகத்தில் வேலையை விட்டுப் போகிறவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் எதையாவது சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அவர்கள் பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். நானோ ஆய்வுப் படிப்பில் சேர்வதற்காக விலகுகிறேன். உங்களில் சிலர் என்னைவிட மூத்தவர்கள். ஆகவே அறிவுரை சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஒரு மாலையைச் சொல்கிறேன். எடுத்துக்கொள்ள ஏதேனும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பொறியாளர் அல்லேன். முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது பகுதிநேர வேலைக்காக இங்கே வந்தேன். அப்போது நம் அலுவலகம் தோஹாவிலும் துபாயிலும் எழும் கட்டடங்களுக்கு மாதிரி செய்துகொண்டிருந்தது. தஞ்சாவூரில் உட்கார்ந்து, ஒருநாளும் பார்க்கப் போகாத கோபுரங்களுக்குச் சுவரும் குழாயும் கம்பியும் கணினிக்குள் பொருத்துவார்கள். பிறகு ஒரு திருப்பம் வந்தது. அந்தக் கோபுரங்களில் வேலை செய்துகொண்டிருந்த நம் ஊர்க்காரர்கள் அங்கே திரையில் இந்த மாதிரிகளைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஹாஜா மைதீன். சார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். விடுமுறையில் வந்தவர் நேராக நம் அலுவலகத்துக்கு வந்து, "அங்க கட்டுற கட்டடத்துக்கெல்லாம் செய்றீங்க. நான் கட்டுறதுக்குச் செய்ய மாட்டீங்களா?" என்று கேட்டார்.

அவருக்கு அது ஆடம்பரம் அன்று. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவர், வீடு எழும்பும் காலம் முழுவதும் கடலுக்கு அப்பால் இருப்பார். சாதாரண வரைபடம் அவருக்குக் கோடுகளைத்தான் காட்டும். மாதிரியோ கைபேசியிலேயே அவரை வாசல்வழியாக உள்ளே அழைத்துப் போகும். சன்னலில் நின்று வெளியே பார்க்கலாம். சுவரைத் தொட்டால் அதற்குள் ஓடும் குழாயும் மின்கம்பியும் தெரியும். வீடு முடிந்த பிறகும் எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லும். கட்டடத்தின் சொந்தக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதிராம்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களில் திருமணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணைப் பெற்றவர் அவளுக்கென்று ஒரு வீடு கட்டித் தருகிறார். ஹாஜா மைதீனுக்கு இரண்டு பெண்கள். இருந்தது ஒரே மனை. ஒரே கூரையின் கீழ் நடுச்சுவர் வைத்து, இரண்டு தலைவாசலோடு, ஒவ்வொரு பாதிக்கும் கீழ்த்தளமும் மாடியுமாக வரைபடம் பட்டுக்கோட்டையில் போடப்பட்டு எங்களிடம் வந்தது. தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றை மாதிரியில் பொருத்துவது மட்டும் எங்கள் பொறுப்பு. அதற்கான விருப்பத்தை அவர் குரல் செய்தியாக அனுப்பியிருந்தார். மேல வீட்டுக்குத் தனித் தண்ணீர், தனி மின்சாரம். கீழ வீட்டுக்குத் தனி. ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமே இருக்கக் கூடாது. இதுதான் அதன் சாரம். அலுவலகத்தில் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள்: அப்பர் ஹவுஸ், லோயர் ஹவுஸ்.

என் வேலை கடைசியில் வருவது. வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் படிப்பதற்காக மாதிரியில் உள்ள பெயர்களைத் தமிழில் தர வேண்டும். அதைக் கேட்டவள் மூத்த பெண் பர்வீன். ஒருமுறை தாயாரோடு அலுவலகத்துக்கு வந்திருந்தாள். திரையில் வீட்டைப் பார்த்துவிட்டு அதிகம் பேசவில்லை. போகும்போது என்னிடம் மட்டும், "எங்க உம்மாவுக்கு இங்கிலீசு வராது. எது எதுன்னு தமிழ்ல போட்டுக் குடுங்க. நாளைக்குக் குழாய் உடைஞ்சா வீட்டுல இருக்கப் போறது நாங்கதானே" என்றாள். எண்ணையும் தந்துவிட்டுப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான் வால்வுகளுக்குப் பெயர் இட்டுக்கொண்டிருந்தேன். "அப்பர் ஹவுஸ், மெயின் வால்வு" என்று இருந்ததை "மேல் வீடு, முதன்மை வால்வு" என்று எழுதினேன். எழுதியதை வாய்க்குள் படித்துப் பார்ப்பது என் பழக்கம். மேல் வீடு. யாரும் அப்படிச் சொல்வதில்லை. மேலே இருப்பதை மாடி என்கிறோம், மாடி வீடு என்கிறோம். லகரத்தின் மேல் இருந்த புள்ளியை எடுத்துவிட்டுப் படித்தேன். மேல வீடு.

நான் தஞ்சாவூர் மேல வீதியில் குடியிருக்கிறேன். அங்கே போக யாரும் படி ஏறுவதில்லை. எங்கள் சொந்த ஊரில் மேலப் பங்கு, கீழப் பங்கு என்று வயல்கள் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒரே மட்டம். ஆனால் காவிரி மேற்கிலிருந்து வருகிறது. வாய்க்கால் மேற்கிலிருந்து பாய்கிறது. தண்ணீர் முதலில் ஏறும் வயல் மேல வயல். இந்தப் பகுதியில் மேல் என்பது வானத்தின் பக்கம் மட்டும் அன்று, ஆறு வரும் மேற்குப் பக்கமும்தான். மாதிரியில் அப்பர் ஹவுஸுக்கான நீலக் குழாய்கள் முழுவதும் மாடித் தளத்துக்குப் போயின. பச்சைக் குழாய்கள் முழுவதும் கீழ்த்தளத்துக்கு. இரண்டு நிறமும் நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்குவரை ஓடின. அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

எங்கள் குழுவுக்குத் தலைமை கவிதா அக்கா. திருத்துறைப்பூண்டிக்காரர், தோஹாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நான் சொன்னதைக் கேட்டு, "மேல வீடு" என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எங்க சித்தப்பா வீடு மேலத்தெருவுல. நான் என்ன, ஏணி வச்சா போனேன்?"

உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம் இது. இந்தப் பிழை தமிழ் தெரியாதவர்களால் நேர்ந்ததன்று. அந்த அறையில் இருந்த அனைவருக்கும் மேலத்தெரு தெரியும். குரல் செய்தியைக் கேட்ட காதும் அதை ஆங்கிலத்தில் எழுதிய கையும் ஒருவருடையவைதாம். எழுதும் மொழிக்கு மாறியபோது ஊர் கழன்றுவிட்டது, அவ்வளவுதான். வளைகுடாவில் இருப்பவர்கள் மாடியை வாடகைக்கு விடுவது வழக்கமாக இருப்பதால், மாடிக்குத் தனி இணைப்பு என்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

அதே காரணத்தால் என் ஐயமும் உறுதியில்லாமல் இருந்தது. அவர் உண்மையிலேயே மாடியை வாடகைக்கு விட நினைத்திருந்தால்? மூன்று முறை மாதிரியைப் பார்த்து ஒப்புதல் தந்தவர் ஆயிற்றே? கவிதா அக்கா சார்ஜாவுக்குத் தொலைபேசினார். மணி அடித்தது, எடுக்கவில்லை. அங்கே விடுமுறை நாள்; தொழுகையும் சாப்பாடும் முடிந்து உறங்கும் நேரம். அக்கா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, வேலைத்தளத்தில் இருந்த மேஸ்திரி மாணிக்கத்தை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

மேஸ்திரி பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு தன் பக்கத்தைச் சொன்னார். பலகை அடித்து, கம்பி கட்டி, குழாயெல்லாம் படத்தில் உள்ளபடி வைத்தாகிவிட்டது. கலவை மிஷின் காலையில் வருகிறது. அதை விட்டால் அடுத்த வாரம்தான். அடுத்த நோன்புக்கு முன் மூத்த பெண்ணுக்குத் திருமணம். அதற்குள் வீடு முடிய வேண்டும் என்று தனக்கு ஏற்கெனவே நெருக்கடி.

"இப்ப வந்து வார்த்தை சரியில்லன்னா எப்படி மேடம்? யாரு கண்டுபுடிச்சது?"

"எங்க தமிழ்ப் பொண்ணு."

"கான்கிரீட்டுக்கும் தமிழுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்று சிரித்தார். ஆனால் உடனே குரல் மாறியது. "ஓனரு ஒரு வார்த்தை சொல்லட்டும், நிறுத்திடுறேன். அவரு சொல்லாம நான் நிறுத்துனா நாளைக்கு என்னையத்தான் கேப்பாரு."

அவர் சொன்னது நியாயம். கவிதா அக்காவும் மறுக்கவில்லை. அலுவலகத்தின் விதியும் அதுதான்: சொந்தக்காரரின் சொல் இல்லாமல் எதையும் மாற்றக் கூடாது. அழைப்பு முடிந்ததும் அக்கா மீண்டும் சார்ஜாவுக்கு முயன்றார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதிரியில் உரிமையாளர் என்ற பெட்டியில் ஹாஜா மைதீனின் பெயர் இருந்தது. பணம் தருபவர் அவர். ஆணை தருபவர் அவர். ஆனால் அந்த வீட்டில் ஒரு நாளாவது அவர் சொந்தக்காரராக வாழப் போவதில்லை. கட்டி முடித்ததும் அவரே அங்கே விருந்தினர்.

நான் இயல்பாகக் குறைவாகப் பேசுகிறவள். கூட்டங்களில் என் கருத்தைக் கேட்டால் தாளில் எழுதித் தருவேன் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அன்று எழுதித் தர நேரம் இல்லை. "அக்கா, ஓனர் ஊர்லதான் இருக்காங்க" என்றேன். கவிதா அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தன் கைபேசியை என்னிடம் நீட்டினார்.

பர்வீனிடம் என்ன கேட்பது என்பதில்தான் நான் மிகவும் கவனமாக இருந்தேன். மேற்கா, மாடியா என்று கேட்டால் அந்தக் கேள்வியே பாதிப் பதிலைத் தந்துவிடும். ஆகவே பெயர் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, உங்கள் வீடு எது என்று மட்டும் கேட்டேன்.

"மேல வீடு. மூத்தவளுக்கு மேல வீடு, தங்கச்சிக்குக் கீழ வீடு. வாப்பா சொல்லலையா?"

"மேல வீட்டுல அடுப்படி எங்க வருது?"

"வாசல்ல நுழைஞ்சா வலது கைப் பக்கம். பள்ளிவாசலப் பாத்த சன்னல்." ஒரு கணம் நின்றாள். "ஏங்க, மாடியில அடுப்படி வச்சுட்டீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் நிலைமையைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. பிறகு அவள் பேசியதை அப்படியே தருகிறேன்.

"எங்க வாப்பாவும் பெரிய வாப்பாவும் ஒரே வீட்டுல இருந்தாங்க. ஒரே மோட்டார், ஒரே மீட்டர். யாரு போட்டது, யாரு நிறுத்தலன்னு தெனம் ஒரு பேச்சு. இப்ப பெருநாளைக்குக்கூட அந்த வீட்டுப் படி நாங்க மிதிக்கிறதில்ல. என் தங்கச்சியோட எனக்கு அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான் வாப்பா அங்க கெடந்து சம்பாதிச்சு இதக் கட்டுறாங்க."

ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமே இருக்கக் கூடாது என்று அவர் குரல் செய்தியில் சொன்னதன் பொருள் அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. நாங்கள் செய்து வைத்திருந்த ஏற்பாட்டில், பர்வீனின் மாடி விளக்கும் தங்கையின் மாடி விளக்கும் ஒரே மீட்டரில் எரியும். இரண்டு அடுப்படிக்கும் ஒரே தொட்டியிலிருந்து தண்ணீர் வரும். நடுவில் ஒரு சுவரை எழுப்பிவிட்டு, அந்தச் சுவரின் வழியாகவே பழைய சண்டையைக் குழாய் போட்டுக் கொண்டுபோயிருந்தோம். தளம் இறுகிவிட்டால் பிறகு அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கவிதா அக்கா மேஸ்திரியையும் அதே அழைப்பில் சேர்த்தார். பர்வீன் அவரிடம் முன்னால் பேசியதே இல்லை. வீட்டு வேலை பற்றி எல்லாவற்றையும் தாயார் மூலமே சொல்லியனுப்புவாள் என்று பின்னர் தெரிந்துகொண்டேன். மெல்லிய குரலில், நாளைக்குக் கான்கிரீட் வேண்டாம் என்றாள்.

"வாப்பா சொல்லட்டும்மா."

"வாப்பா முழிச்சதும் நான் சொல்லிக்கிறேன். வீடு எனக்கும் தங்கச்சிக்கும். இருக்கப் போறது நாங்க. நிறுத்துங்க."

மேஸ்திரி, "சரிம்மா" என்றார். "ஓனரம்மா சொன்னா சரிதான். மிஷின்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன்." ஓனரம்மா என்ற சொல்லில் லேசான கேலி இருந்தது. ஆனால் அதன் பிறகு அந்த வீடு முடியும்வரை எதைக் கேட்பதானாலும் அவர் பர்வீனைத்தான் கேட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஹாஜா மைதீன் அழைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூன்று தடவையும் தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தது முகப்பையும் அடுப்படி டைல்ஸின் நிறத்தையும்தான் என்றார். பெயர்களைப் பார்க்கவில்லையா என்று கவிதா அக்கா தயங்கிக் கேட்டார். பார்த்தாராம். அப்பர் ஹவுஸ் என்று இருந்ததாம். மேல வீடுதான் என்று நினைத்துக்கொண்டாராம். நாங்கள் மேல வீட்டை அப்பர் ஹவுஸ் ஆக்கினோம். அவர் அப்பர் ஹவுஸை மேல வீடு ஆக்கிக்கொண்டார். ஒரே சொல்லுக்கு இரண்டு பக்கமும் தலையாட்டியிருக்கிறோம்.

மாதிரி சொந்தக்காரருக்கு என்ன தரும் என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை. பர்வீன் குடிவந்த பிறகு ஒரு மழைக்காலத்தில் குளியலறைச் சுவரில் ஈரம் ஊறியது. அவள் கைபேசியில் மாதிரியைத் திறந்து இடத்தைக் காட்டினாள். குழாய்க்காரர் ஒரே ஒரு டைல்ஸை மட்டும் பெயர்த்து, கசிவை அடைத்துவிட்டுப் போனார். அதே வீட்டில் இன்னொன்றும் நடந்தது. மேஸ்திரி கீழ வீட்டில் ஒரு வால்வைச் சற்றுத் தள்ளி வைத்ததை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. மாதிரி பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது. தேடித் துளைத்த இடத்தில் ஒன்றும் இல்லை. மாதிரி தானாகத் திருத்திக்கொள்வதில்லை. வீடு மாறும்போதெல்லாம் ஒருவர் அதனிடம் போய்ச் சொல்ல வேண்டும். யார் சொல்வது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருக்க வேண்டும். பெரும்பாலான சொந்தக்காரர்களுக்கு இதை நாம் சொல்வதே இல்லை.

என்னை இன்றும் எச்சரிக்கையாக வைத்திருப்பது வேறொன்று. கோடுகளால் ஆன வரைபடத்தை யாரும் நம்பிவிடுவதில்லை. புரியவில்லை என்கிறார்கள், விரலை வைத்து இது என்ன என்று கேட்கிறார்கள். மாதிரி அழகாக இருக்கிறது, வெளிச்சம் விழுகிறது, தரை பளபளக்கிறது. அழகாகத் தெரிவது சரியாகவும் தெரிகிறது. கேள்வி கேட்க வேண்டியவர் வியந்து நின்றுவிடுகிறார். ஆகவே சொந்தக்காரரிடம் மாதிரியைக் காட்டும்போது அவர் புகழ்வதைக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் வீடு எது, நாளை காலை எந்தக் குழாயைத் திறப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் தன் சொல்லில் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். அந்தச் சொல்லை உடனே மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

மறுநாள் காலை, வேலைத்தளத்தில் மேஸ்திரியின் ஆட்கள் குழாய்களைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில், நான் மேல வீதியிலிருந்து வழக்கம்போல் நடந்து அலுவலகத்துக்கு வந்தேன். வீட்டைக் குறுக்காக வெட்டியிருந்த நிறங்களைக் கவிதா அக்கா நெடுக்காகத் திருப்பி வைத்திருந்தார். நீலம் முழுவதும் மேற்கே நின்றது, பச்சை முழுவதும் கிழக்கே. நான் அப்பர் ஹவுஸ், லோயர் ஹவுஸ் என்ற இரண்டு பெயர்களையும் நீக்கினேன். உரிமையாளர் பெட்டியைத் திறந்தேன். அதில் இரண்டு பெண்களின் பெயரையும் போடும்படி ஹாஜா மைதீன் முந்தைய மாலையே சொல்லியிருந்தார். பர்வீன் என்று எழுதிவிட்டு, தங்கையின் பெயர் தெரியாமல் அவளை அழைத்தேன்.

பர்வீன் சொல்லத் தொடங்கி, நிறுத்தினாள்.

"இருங்க, அவகிட்டயே குடுக்குறேன். அவ வீட்டுக்கு அவதான் சொல்லணும்."

கைபேசி கைமாறும் ஓசை கேட்டது. இதுவரை யாரும் எந்தக் கருத்தும் கேட்டிராத தங்கையின் குரல், "ஷமீமா" என்றது. பிறகு, நான் தவறாக எழுதிவிடுவேனோ என்ற ஐயத்தோடு, ஒவ்வோர் எழுத்தாக இன்னொரு முறை சொன்னது. நானும் ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன்.